முந்தானை மறைத்த குழாய்

ஜாக்கெட் தைத்துக் கொடுத்த பெண்ணோடு ஒருநாள் சண்டைக்குப் போனேன். அந்தச் சண்டையில் தோற்றுத் திரும்பியதால்தான் இன்றைக்கு என் இடது கை உருப்படியாக இருக்கிறது.

சண்டை எனக்குப் புதிதில்லை. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங் வேலை. தைத்து வருகிற பீஸை மேசையில் விரித்து, முன்னும் பின்னும் புரட்டி, ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம், ஒரு கை நீளம் ஒரு கை குட்டை என்று எது இருந்தாலும் பிடித்துத் தள்ள வேண்டும். இப்போது அந்த லைனுக்கு நான்தான் சூப்பர்வைசர். நான் தள்ளிய பீஸை ‘பரவாயில்லை, போகட்டும்’ என்று ஒரு மேனேஜரும் திரும்ப எடுத்து வைத்ததில்லை. டெய்லர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ பேர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். என் மேசையைத் தாண்டிப் போன பெட்டி வெளிநாட்டு பையரிடமிருந்து திரும்பி வந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவளிடம் ஒரு கை இறுக்கமான ஜாக்கெட்டைக் கொடுத்தால் சும்மா விடுவேனா? மாரியம்மன் நோம்பிக்கு எடுத்த சேலைக்கு அது. வலது கை சுலபமாக ஏறியது. இடது கை பாதியில் சிக்கிக்கொண்டு, இழுத்து ஏற்றினால் சதை பிதுங்கியது. கழற்றிப் பார்த்தால் தோலில் தையல் அச்சு விழுந்திருந்தது. ஜாக்கெட்டைப் பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, ராயபுரத்தில் எங்கள் வீதிக்கு அடுத்த வீதியில் இருக்கிற அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன்.

“ஏம்மா, ரெண்டு கையும் ஒரே அளவுல வெட்டத் தெரியாதா உனக்கு?” என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

“அக்கா, துணியை மடிச்சுப் போட்டு ரெண்டு கையும் ஒண்ணாத்தானுங்க வெட்டறது. அது எப்படீங்க மாறும்?”

“மாறாமத்தான் இந்தக் கை ஏறமாட்டீங்குதா? துணி சுருங்கிப்போச்சுன்னு எங்கிட்டக் கதை விடாத. தெனமும் ஆயிரம் பீஸ் பாக்கறவ நான்.”

அவள் ஜாக்கெட்டை வாங்கி மேசையில் விரித்து, இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். நூல் பிசகாமல் உட்கார்ந்தன. டேப் வைத்து அளந்து காட்டினாள். கால் இஞ்சுகூட வித்தியாசமில்லை. எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லாமல், கைக்குழியில் கோளாறு இருக்கும், பிரித்துத் தை என்றேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு டேப்பை என் வலது கையில் சுற்றினாள். பதினோரு இஞ்சு. இடது கையில் சுற்றினாள். பதின்மூன்றே கால். டேப்பை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினாள். அதே பதின்மூன்றே கால்.

“அக்கா, ஜாக்கெட்டு சரியாத்தானுங்க இருக்குது. உங்க கைதான் பெருசா இருக்குது.”

அவள் வீட்டுச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. அதன் முன்னால் முந்தானையை விலக்கிவிட்டு நின்றேன். இடது தோளிலும் மார்பின் மேல்பக்கத்திலும் பச்சைப் பச்சையாக நரம்புகள் வேர்விட்ட மாதிரி ஓடின. வலது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. இடது கை வளையல் இரண்டு மாதத்துக்கு முன்பே இறுகியது. கழற்றி வைத்துவிட்டேன். சாயங்காலமானால் கை கனத்தது. வேலை அதிகம் என்று நினைத்தேன். அரை இஞ்சுத் தப்பை ஆயிரம் பீஸில் பிடிக்கிறவள், என் உடம்பில் இரண்டு இஞ்சை விட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் முன்னால் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

வெட்கத்துக்குப் பின்னால் பயம் வந்தது. எனக்கு அப்போது டயாலிசிஸ் ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் நாலு நாலு மணி நேரம் படுத்துக்கொண்டு, இந்த இடது கையில்தான் ஊசி குத்திக்கொள்கிறேன். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். ரத்தம் அங்கே வேகமாக ஓடும், ஊசி போடத் தோதாக நரம்பு பருத்துக்கொள்ளும். என் உயிர் போகிற வருகிற பாதை அது. அந்தக் கை ஏன் வீங்கியிருக்கிறது என்பது கண்ணாடி முன்னால் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு டாக்டர் என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

அதைச் சொல்ல வேண்டுமானால் ஒன்றரை வருஷம் பின்னால் போக வேண்டும். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒருநாள் செக்கிங் மேசையிலேயே மயங்கி விழுந்தேன். அதற்கு முன்னால் மாசக்கணக்கில் கால் வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு. நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்குக் கால் வீங்கத்தானே செய்யும் என்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். பிரஷர் பார்த்ததே கிடையாது. கம்பெனி வேனில் தூக்கிப்போட்டு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கிட்னியும் போய்விட்டது, இன்றைக்கே டயாலிசிஸ் செய்யாவிட்டால் ஆள் தாங்காது என்றார்கள்.

அவசரமாக டயாலிசிஸ் என்றால் கழுத்தில் பெரிய சிரைக்குள் குழாய் இறக்குவார்கள். எனக்கு வலது கழுத்தில் குத்தியபோது ஊசி பக்கத்திலிருந்த தமனிக்குள் போய்விட்டது. இரண்டும் ஒட்டிக்கொண்டே ஓடுகின்றனவாம், மூச்சிரைக்கிறவளைப் படுக்க வைத்துக் குத்தும்போது சில பேருக்கு இப்படி ஆகுமாம். சிவப்பு ரத்தம் பீய்ச்சியடித்ததை நானே பார்த்தேன். டாக்டர் அரை மணி நேரம் அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகும் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியது. கழுத்தை விட்டுவிட்டுத் தொடை இடுக்கில் குழாய் போட்டு உயிரைக் காப்பாற்றினார்கள்.

தொடைக்குழாயோடு ஐந்து நாள் கிடந்தேன். உட்காரக்கூடாது, காலை மடக்கக்கூடாது, நடக்கவே கூடாது. கக்கூஸுக்குக்கூட எழுந்திருக்க முடியாது. அத்தனை வருஷம் நின்றே பிழைத்தவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

ஆறாம் நாள் அந்த டாக்டர் என் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒல்லியான மனுஷன், சத்தமாகப் பேச வராது. இடது கையில் ஃபிஸ்டுலா வைக்கப்போகிறோம், அது பழுத்து, ஊசி தாங்குகிற அளவுக்கு நரம்பு பருத்து வர இரண்டு மாதம் ஆகும், அதுவரைக்கும் வேறொரு குழாய் வேண்டும், வலது கழுத்து வீங்கியிருப்பதால் இடது கழுத்தில் போடலாம் என்றார்.

“கழுத்துல வேண்டாமுங்க,” என்றேன்.

அன்றையிலிருந்து பன்னிரண்டாம் நாள் என் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுக்கு எனக்குச் சீக்கு என்று தெரியாது. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தோம். காதுக்குக் கீழே இரண்டு குழாய் தொங்க நான் சபையில் போய் நின்றால், தாய்க்கு இப்படி என்றால் பொண்ணுக்கும் வருமோ என்று யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும். பேச்சு அதோடு நின்றுவிடும். மகள் அந்தப் பையனைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தைப் பார்த்தவள் நான்.

“உங்களுக்கு வந்தது பிரஷரால வந்ததும்மா. பரம்பரை வியாதி கெடையாது,” என்றார் டாக்டர்.

“உங்களுக்குத் தெரியுமுங்க. ஒறம்பரை சனத்துக்கெல்லாம் தெரியுமுங்களா?”

எதிர்க் கட்டிலில் ஒரு ஆளுக்குக் கழுத்து எலும்புக்குக் கீழே, மார்பின் மேல்பக்கத்தில் குழாய் போட்டிருந்ததைப் பார்த்திருந்தேன். எனக்கும் அப்படியே போடுங்கள் என்றேன். அதிலும் இடது பக்கம். முந்தானை இடது தோளில்தானே விழும், ஜாக்கெட்டுக்கும் முந்தானைக்கும் நடுவே குழாய் ஒளிந்துகொள்ளும். லேபிளை எங்கே வைத்தால் வெளியே தெரியாது என்று யோசித்தே பழகிய மூளை. கச்சிதமாகக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அந்த எடத்துல ரத்தக்குழாய் எலும்புக்கடியில வளைஞ்சு போகுது. குழாய் உரசி உரசி உள்ளுக்குள்ள தழும்பாகும். பின்னால சுருங்கிப்போகும். ஃபிஸ்டுலா வைக்கற கையும் இடது கைதான். அந்தக் கையிலிருந்து ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பற வழி அது ஒண்ணுதான்மா.”

“சுருங்குனா அப்பப் பாத்துக்கலாமுங்க. நிச்சயம் நின்னுபோனா நீங்க வந்து பாப்பீங்களா?”

அடுத்த நாளும் வந்து சொல்லிப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். குழாய் இல்லாவிட்டால் என் கதி என்ன என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில், ரெண்டே மாசம், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். ஸ்கேன் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டார். நுரையீரலில் குத்திவிடவில்லையே என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. வீட்டுக்காரர் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்து கேட்டபோது, டாக்டர்தான் இங்கே போட்டார் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

நிச்சயத்தன்று அரக்குப் பட்டில் முந்தானையை இரண்டு ஊக்கு வைத்துக் குத்திக்கொண்டேன். வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டேன், சிரித்தேன், தண்ணீரை மட்டும் அளவு பார்த்து ஒவ்வொரு மடக்காகக் குடித்தேன். மாப்பிள்ளையின் அம்மா நல்ல உயரம், மெதுவாகப் பேசுகிறவர். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, “நீங்க எதுக்குங்க ஓடிக்கிட்டே இருக்கீங்க, பொடுசுக பாத்துக்குமுங்க,” என்றார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் கல்யாணமும் முடிந்தது. ஃபிஸ்டுலா பழுக்க நாளானதால் இரண்டு மாதக் குழாய் பத்து வாரம் இருந்தது. அதன் பிறகு எடுத்துவிட்டார்கள். அரை வருஷம் கழித்து, புதிதாக வந்த சீக்கு மாதிரி மாப்பிள்ளை வீட்டில் சொன்னோம். அந்த அம்மா, “அடடா, அப்படீங்களா,” என்று கேட்டுக்கொண்டார். நான் நினைத்தபடி எல்லாம் நடந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், டெய்லர் வீட்டுக் கண்ணாடியைப் பார்க்கும் வரைக்கும்.

மறுநாள் டயாலிசிஸ் நாள். அங்கே டெக்னீஷியன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்.

“எக்கா, ஒங்களுக்கு ஊசி எடுத்தா ரத்தம் நிக்கவே நேரமாவுதேன்னு நானும் ரெண்டு வாரமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மெஷின்லயும் பிரஷர் ஏறுது. கை இப்படி வீங்கிக் கெடக்குன்னு ஏன்க்கா சொல்லல?” என்று என்னையே திட்டினான். ரத்தம் திரும்பிப் போகிற வழியில் அடைப்பு, கோயமுத்தூர் போய் ரத்தக்குழாய் டாக்டரைப் பாருங்கள் என்று அங்கிருந்த டாக்டரிடம் கடுதாசி எழுதி வாங்கிக் கொடுத்தான்.

கோயமுத்தூர் டாக்டர் பெண். என் மகளைவிட நாலைந்து வயசுதான் மூத்திருப்பார். கையில் மருந்து ஏற்றிப் படம் எடுக்க வேண்டும், ரத்தம் போகிற பாதை சாயம் விட்ட மாதிரித் தெரியும் என்றார். “சாயப்பட்டறை நெறஞ்ச எங்க ஊருல இல்லாத சாயமாங்க? அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா?” என்றேன். சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

படத்தை அவர் திரையில் காட்டினார். கையெல்லாம் நல்ல கனமான கோடு. கழுத்து எலும்புக்குக் கீழே வந்ததும் அது நூல் மாதிரி மெலிந்து, பிறகு காணவே காணோம். போக வழியில்லாத ரத்தம் சந்து பொந்தெல்லாம் புகுந்து தோளைச் சுற்றிக்கொண்டு போனது. நான் கண்ணாடியில் பார்த்த பச்சை நரம்புகள் அவைதான்.

டாக்டர் மறைக்காமல் சொன்னார். மெல்லிய கம்பியை அந்த அடைப்பு வழியாகச் செலுத்த வேண்டும். கம்பி தாண்டிவிட்டால் அதன் மேலே பலூனை ஏற்றி ஊதி வழியை விரித்துவிடலாம். தாண்டாவிட்டால் ஃபிஸ்டுலாவைக் கட்டி மூட வேண்டியதுதான், இல்லையென்றால் கை வீங்கி வீங்கித் தோல் வெடித்துப் புண்ணாகும். வலது கழுத்துச் சிரையும் மயங்கி விழுந்த அன்றைக்குக் குத்தியதில் ரத்தம் உறைந்து அடைந்து கிடக்கிறது, இடது கழுத்துச் சிரையும் இந்த அடைப்புக்குள்தான் வந்து சேருகிறது. வலது கை நரம்பு மெலிசு, அதில் ஃபிஸ்டுலா வைத்தாலும் பழுக்கும் என்று சொல்ல முடியாது. அதுவரைக்கும் குழாய் தொடையில்தான்.

தொடை என்ற வார்த்தையில் என் காது அடைத்துக்கொண்டது. இந்தக் கை போனால் நான் கட்டிலில். செக்கிங் மேசை இல்லை, கம்பெனி வேன் இல்லை, என்னைக் கண்டு பயப்பட ஒரு டெய்லர் இல்லை. உயிரோடு இருப்பேன், சரி. யாராக இருப்பேன்?

“இந்த எடத்துல குழாய் போட்டது யாரு? அதுவும் ஃபிஸ்டுலா வைக்கற பக்கத்துல?” என்று டாக்டர் கேட்டார்.

வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கம்பெனி வேன் ஓட்டுகிற மனுஷன், பத்து வருஷத்தில் ஒருத்தரிடமும் ரோட்டில் சண்டை போட்டதில்லை. “அந்த ஆஸ்பத்திரிக்காரனை நாளைக்கே போய்ச் சட்டையப் புடிச்சுக் கேக்கறேனுங்க! எம்பட சம்சாரத்தோட கையையே நாசம் பண்ணிட்டானே, அவன் நல்லா இருப்பானா?”

பேசாமல் இருந்திருக்கலாம். பழியைத் தாங்க அந்தப் பழைய டாக்டர் ரெடியாக இருந்தார், அவர் எதிரிலும் இல்லை. ஆனால் ஒருத்தர் வெட்டிய பீஸுக்கு இன்னொருத்தரை நான் திட்டியதில்லை. இந்த ஒரு நல்ல குணமாவது என்னிடம் இருக்கிறது.

“அவரு மேல தப்பில்லீங்க,” என்றேன். “கழுத்துலதான் போடறேன்னாரு. ரெண்டு நாள் கெஞ்சுனாரு. நாந்தான் முந்தானைக்குள்ள மறையோணும்னு இங்க கேட்டு வாங்கிக்கிட்டேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெளியே போய்விட்டார். பஸ்ஸில் அவிநாசி வருகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல, அம்மிணி?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

“அதுக்குத்தான் சொல்லல.”

அவர் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீங்கிய கையைக் கீழே தொங்கவிடக்கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே போயிருக்கிறார் மனுஷன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பலூன் வைக்கிற நாளில் என்னை முழிப்போடுதான் படுக்க வைத்தார்கள். மரத்துப்போகிற ஊசி மட்டும். கை வழியாகக் கம்பியை விட்டார்கள். போவதும் முட்டுவதும் திரும்புவதுமாக அரை மணி போனது. ஒரு மணியும் போனது. டாக்டர் யாரிடமோ கம்பியை மாற்றிக் கொடு, மாற்றிக் கொடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அம்மா, இந்தப் பக்கமிருந்து தாண்டமாட்டேங்குது. தொடை வழியா இன்னொரு கம்பி விட்டு, நெஞ்சுப் பக்கமிருந்து வந்து பாக்கறேன். அதுலயும் ஆகலேன்னா நிறுத்திக்கலாம்.”

“ஆகுமுங்க. நீங்க போங்க,” என்றேன்.

“அதை நான் சொல்லணும். நீங்க அசையாம இருங்க.”

எனக்கு அந்த அதட்டல் பிடித்திருந்தது. வேலை தெரிந்தவர்கள்தான் அப்படி அதட்டுவார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு மாரியாத்தாளைக் கூப்பிட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது, திடீரென்று டாக்டர், “வந்துருச்சு, வந்துருச்சு, புடிச்சுக்கோ,” என்று குழந்தை மாதிரிக் கத்தினார். பிறகு பலூனை ஊதினார்கள். தோளுக்குள் எதையோ கிழிக்கிற மாதிரி ஒரு வலி. “ஐயோ, அடி ஆத்தா!” என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருக்கிறார். பலூனை இறக்கியதும் வலி போனது. திரையில் அந்தக் கோடு கையிலிருந்து நெஞ்சுக்குத் தடங்கலில்லாமல் ஓடியது. டாக்டர் என்னையும் தலையைத் திருப்பித் திரையைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.

நாலே நாளில் வளையல் ஏறியது. தழும்பு தழும்புதான், திரும்பவும் சுருங்கும், கை கனத்தால் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். சொன்னபடியே சுருங்கியது. இன்னொரு தடவை போய் விரித்துக்கொண்டு வந்தேன். இனியும் போவேன். ஆல்ட்டர் செய்தால் தேறுகிற பீஸை நான் தூக்கிப் போட்டதில்லை. திங்கள், வியாழன் டயாலிசிஸ், மற்ற நாளெல்லாம் வேன் ஏறி வேலைக்குப் போகிறேன். என் லைனில் இன்றைக்கும் தப்பு தாண்டாது.

முதல் பலூன் முடிந்து வீட்டில் இருந்தபோது சம்பந்தியம்மா என்னைப் பார்க்க வந்தார். சீக்காளியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆரஞ்சும் எளநியும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கிட்னி போன எங்களுக்கு அதுதான் ஆகாது, அதிலிருக்கிற பொட்டாசியம் என்கிற உப்பு நெஞ்சை நிறுத்திவிடும். வாங்கி வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவோம். இவர் மட்டும் தூக்குப் போசியில் உப்புப் போடாத அரிசிமாவுக் கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தார்.

“நீங்கதானுங்க வெவரமாக் கொண்டாந்திருக்கீங்க,” என்றேன். “பழம் ஆகாதுன்னு சொன்னா யாருக்கும் புரிய மாட்டீங்குது.”

“எனக்குத் தெரியாதுங்களா? நிச்சயத்தன்னைக்கே உங்க எலையில வாழைப்பழம் வைக்க வேண்டாம்னு பரிமாறுற புள்ளைகிட்டச் சொன்னது நாந்தானுங்களே,” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. போசியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

“என்னுங்க சொல்றீங்க?”

“உங்களை வேன்ல தூக்கிக்கிட்டுப் போன அன்னைக்கே தெரியுமுங்க. என்ற தம்பி சம்சாரம் உங்க கம்பெனியிலதானுங்க அயர்னிங்ல இருக்குது.”

போசியை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். “தெரிஞ்சுமா பொண்ணெடுத்தீங்க?”

“பயமாத்தானுங்க இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். பொண்ணுக்கும் வருமோன்னு ஒரு டாக்டருகிட்டப் போய்க் கேட்டேன். பிரஷரால வந்ததுன்னா பயப்பட வேண்டாம்னாரு. அதுக்கப்பறம்தானுங்க தட்டு மாத்த வந்தோம். வந்து பாத்தா, நீங்க முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருக்கீங்க. மறைக்கோணும்னு நெனைக்கறவங்ககிட்டப் போய் எனக்குத் தெரியும்னு சொன்னா நல்லா இருக்குங்களா? மரியாதைக்குத்தானுங்க பேசாம இருந்துட்டேன்.”

வந்ததே எனக்குக் கோபம்! யார் மேல் என்று தெரியவில்லை. அவர் மேலா, என் மேலா, வாய்க்கு வாய் ‘ங்க’ போட்டுப் பேசிக்கொண்டு ஒரு வார்த்தை உண்மை பேசாத எங்கள் இரண்டு பேர் மரியாதை மேலா? முந்தானையை விலக்கி, கழுத்து எலும்புக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினேன். உங்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் குழாயை இந்த இடத்தில் போடச் சொன்னேன், இதனால்தான் கை வீங்கியது, இதற்குத்தான் கோயமுத்தூர் போய் வந்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் அந்தத் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

“அப்ப, நிச்சயத்துக்கு முன்னாடியே நான் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இந்தக் கைக்கு ஒண்ணும் ஆயிருக்காதுங்களா?”

அதெல்லாம் விதி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொல்லித் தேற்றியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு மரியாதை போதும் என்றாகிவிட்டது.

“ஆயிருக்காதுங்க,” என்றேன்.